நூல் பிடித்தால் நேர், கண்ணுக்குக் கோணல்: தூணுக்குப் பின்னால் போகும் கைப்பிடி பைப் ஏன் உடைந்து தெரிகிறது?

அரசலாற்றங்கரை (கும்பகோணம்):
எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்கு வெளியே மாடிப்படி போட்டு எஸ்.எஸ். பைப்பில் கைப்பிடி வைத்திருக்கிறோம். கேட்டில் நின்று பார்த்தால் பைப் இடப்பக்கம் கீழிருந்து வலப்பக்கம் மேலே ஏறுகிறது, நடுவில் போர்டிகோ தூண் அதைக் கொஞ்சம் மறைக்கிறது. தூணுக்கு இந்தப் பக்கம் மறைந்த பைப், அந்தப் பக்கம் வெளியே வரும்போது ஒரு விரற்கடை மேலே தூக்கிக்கொண்டு வருவதுபோல் இருக்கிறது. இரண்டு துண்டை வெட்டி ஒட்டியது மாதிரி. வெல்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அடிமுனையில் நூலைக் கட்டி மேல்முனை வரை விறைப்பாக இழுத்துப் பிடித்தார், நூல் நெடுக பைப்பை ஒட்டியே போகிறது, எங்கும் இடைவெளி இல்லை. சரி என்று கேட்டுக்கு வந்து பார்த்தால் மறுபடியும் உடைந்தே நிற்கிறது! வருகிற உறவுக்காரர்கள் எல்லாம் காபியைக் கையில் வாங்குவதற்கு முன்னாடியே “பைப் கோணலா இருக்கே” என்கிறார்கள். ஏன் இப்படித் தெரிகிறது, இதற்கு ஏதாவது செய்ய முடியுமா? வெல்டர் மேல் குற்றமில்லை, அந்தப் பக்கம் யாரும் பேச்சைத் திருப்ப வேண்டாம்.

குடமுருட்டி:
நூல் தொய்ந்திருக்கும் அண்ணே. பத்தடிக்கு மேல் போனால் எந்த நூலும் நடுவில் தொய்யும். இல்லாவிட்டால் தண்ணீரில் விட்ட குச்சி வளைந்து தெரிகிற கதையாக இருக்கும், வெயில் நேரத்தில் பார்த்தீர்களா?

அரசலாற்றங்கரை:
தொய்ந்தால் பைப்பை விட்டு விலகித் தெரியுமே தம்பி. வெயில், மழை, ராத்திரி விளக்கு, எல்லாவற்றிலும் அப்படியேதான். போனில் படம் எடுத்தால் படத்திலும் உடைந்து தெரிகிறது. அந்தப் படத்தின் மேல் பையனின் ஸ்கேலை வைத்தால் இரண்டு பக்கப் பைப்பும் ஸ்கேல் ஓரத்தில் அச்சாக உட்காருகிறது. ஸ்கேலை எடுத்தால் பழைய குருடி கதவைத் திறடி.

மன்னை_இயற்பியல்:
ஸ்கேல் சரி என்கிறது என்றால் ஒளி விலகல் இல்லை, பைப்பும் குற்றமில்லை. இது பார்வையின் வேலை, பெயர்கூட உண்டு: போகெண்டார்ஃப் மாயை.

கதை 1860-க்குப் போகிறது. சோல்னர் என்ற ஜெர்மானிய வானியல் அறிஞர் ஒரு துணியின் டிசைனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் நீளமான கோடுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று இணை, ஆனால் ஒவ்வொரு கோட்டின் குறுக்கேயும் குட்டிக் குட்டிச் சாய்கோடுகள், ஒரு கோட்டில் இந்தப் பக்கம் சாய்ந்தால் அடுத்ததில் அந்தப் பக்கம். அந்தக் குட்டிக் கோடுகளால் நீளக் கோடுகள் இணையாகவே தெரியவில்லை, ஒன்று விரிந்தும் ஒன்று குவிந்தும் போனது. அவர் அதை எழுதி ஓர் இயற்பியல் இதழுக்கு அனுப்பினார். இதழின் ஆசிரியர் போகெண்டார்ஃப். அவர் அந்தப் படத்தைப் பார்க்கும்போது இன்னொன்றைக் கவனித்தார்: ஒரு பட்டைக்குக் குறுக்கே போகும் சாய்கோடு, பட்டைக்கு அப்புறம் தன் பாதையிலிருந்து நகர்ந்து தெரிகிறது. கும்பகோணத்துக்காரர் வீட்டில் பட்டை தூண், சாய்கோடு பைப். அவ்வளவுதான்.

எந்தத் திசையில் நகரும் என்பதும் தற்செயல் இல்லை. இடமிருந்து வலமாக ஏறும் கோடு என்றால், நிமிர்ந்த பட்டைக்கு வலப்பக்கத் துண்டு உள்ளதைவிட மேலே இருப்பதாகத் தோன்றும். நீங்கள் “தூக்கிக்கொண்டு” என்று எழுதியிருப்பது அதே திசை. பட்டை அகலமாக அகலமாகப் பிசகும் கூடும். கோடு நெட்டுக்குத்தாக ஏற ஏற, அதாவது பட்டையோடு செய்யும் கோணம் குறுகக் குறுக, இன்னும் கூடும். பட்டைக்குச் செங்குத்தாக, படுக்கையாகப் போனால் ஒன்றும் இருக்காது. உங்கள் படி கொஞ்சம் செங்குத்தான படி என்று நினைக்கிறேன்.

நம்பாதவர்கள் ஒரு தாளில் ஸ்கேல் வைத்துச் சாய்வாக ஒரு கோடு ஏற்றுங்கள், பாதியில் நிறுத்துங்கள். கோடு நின்ற இடத்தை இடது ஓரம் தொடும்படி ஒரு விசிட்டிங் கார்டை நெட்டாக வையுங்கள். கோடு கார்டுக்கு அடியில் போய் வலது ஓரத்தில் எங்கே வெளியே வரும் என்று கண்ணாலேயே கணித்து ஒரு புள்ளி வையுங்கள். பிறகு ஸ்கேல் வைத்து நீட்டிப் பாருங்கள். பெரும்பாலும் உங்கள் புள்ளி கீழே கிடக்கும்.

வாசல்_கோலம் (திருவையாறு):
சார் சொன்ன கார்டு விளையாட்டை நாங்கள் மார்கழி முழுக்க விளையாடுகிறோம், பெயர்தான் தெரியாது. படிக்கோலத்தில் நாலு பக்கமும் ஐந்து இழை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக ஓடும். மூலையிலிருந்து ஒரு சாய்வு இழை அந்த ஐந்தையும் தாண்டி வெளியே போய் ஒரு தாமரைக்குத் தண்டாக வேண்டும். ஐந்து இழையை முதலில் போட்டுவிட்டு, உள்பக்கம் சாய்வை இழுத்து, கையை எடுத்து, வெளிப்பக்கம் தொடர்ந்தால் நிச்சயம் சேராது. தள்ளி நின்று பார்த்தால் சேர்ந்ததுபோல இருக்கும். குழந்தையைக் கயிறு பிடிக்கச் சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் என் மாமியார் சாய்வைத்தான் முதலில் ஒரே இழுப்பில் போடச் சொல்வார், பட்டை இழைகளை அதன் மேலே குறுக்காக விடுவார். மாவு ஈரமாக இருக்கும்போது கோடு மேல் கோடு போனால் கலையாது. காரணம் கேட்டால் “அப்படித்தான் போடணும்” என்பார்.

கொரடாச்சேரி_வயல்:
வரிசை நடவிலும் இந்தத் தொல்லை உண்டு. ஒற்றை நாற்று முறையில் கயிறு பிடித்து 25 சென்டிமீட்டருக்கு ஒரு குத்து வைக்கிறோம், கோனோவீடர் (களை எடுக்கும் உருளைக் கருவி) ஓட்டியாக வேண்டும், அதனால் வரிசை பிசகக் கூடாது. வயலின் ஒரு வரப்பு மட்டும் சாய்வாக ஓடும் இடத்தில் அந்த வரப்பை ஒட்டிய வரிசைகள் வரப்பை விட்டு விலகி ஓடுகிற மாதிரியே தெரியும். நடவு ஆட்களில் புதிதாக வந்தவர்கள் கயிற்றை நம்பாமல் கண்ணை நம்பி இரண்டு குத்தைத் திருத்துவார்கள், வீடர் ஓட்டும்போது அந்த இரண்டு குத்தும் உருளையில் மாட்டிக்கொண்டு வரும்.

குடமுருட்டி:
எல்லாம் சரி. ஆனால் எங்கள் ஊர்க் கொத்தனார் பூச்சு முடிந்ததும் ஒற்றைக் கண்ணை மூடிச் சுவரை ஒரு பார்வை பார்ப்பார், “இங்கே ஒரு நூல் வயிறு தள்ளுது” என்பார், மட்டப்பலகை வைத்தால் தள்ளியிருக்கும். அவ்வளவு கூர்மையான கண் ஒரு தூணைக் கண்டதும் ஏமாறுமா? இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும்.

நாச்சியார்கோயில்_கடைசல்:
தம்பி கேட்டது நல்ல கேள்வி. நான் குத்துவிளக்குக் கடைசல் பிடிக்கிறவன். பீடம், தண்டு, தட்டு எல்லாம் தனித்தனி, மரை போட்டுத் திருகிச் சேர்ப்போம். சேர்ந்த இடத்தில் மயிரிழை பிசகினாலும் வாங்க வருகிறவர் விரலை அங்கேதான் வைப்பார், அவருக்கு அளவு தெரியாது, ஆனால் கண் காட்டிக்கொடுத்துவிடும். வெர்னியர் காலிப்பரும் இதே சங்கதியை நம்பித்தான் இருக்கிறது. இரண்டு ஸ்கேலிலும் எந்தக் கோடு எந்தக் கோட்டோடு நேராகச் சேர்கிறது என்று பார்க்கிறோம், அவ்வளவுதான், 0.02 மில்லிமீட்டர் கையில் கிடைக்கிறது. பியர் வெர்னியே 1631-இல் சொன்ன இந்த ஸ்கேல் மனிதக் கண்ணின் இந்தத் திறமையை வைத்துத்தான் ஓடுகிறது. அப்படியானால் பைப் விஷயத்தில் மட்டும் ஏன் கவிழ்கிறது? எனக்கும் அது புரியவில்லை.

தஞ்சை_உளவியல்_மாணவி:
கடைசல் அண்ணன் சொன்ன திறமைக்கே வெர்னியர் கூர்மை என்றுதான் பாடத்தில் பெயர். இரண்டு கோடுகள் முனைக்கு முனை சேர்கின்றனவா என்பதில் நல்ல கண் சுமார் 5 வில்விநாடி வரை கண்டுபிடிக்கும் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வில்நிமிடம், அதில் அறுபதில் ஒரு பங்கு வில்விநாடி). ஒரு மீட்டர் தூரத்தில் அது மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு, தலைமயிரின் கனத்தில் பாதிகூட இல்லை. விழித்திரையின் நடுவில் கூம்பு செல்கள் அடுக்கியிருக்கும் இடைவெளியே கிட்டத்தட்ட அரை வில்நிமிடம், அதைவிடப் பல மடங்கு நுணுக்கமாக நாம் பார்க்கிறோம் என்றால் மூளை பல செல்களின் செய்தியைச் சேர்த்துக் கணக்குப் போடுகிறது என்று அர்த்தம்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. அந்தக் கணக்கு சுத்தமான வெற்றிடத்தில்தான் அவ்வளவு துல்லியம். ஜெரால்ட் வெஸ்ட்ஹைமர் என்பவரின் 1970-களின் சோதனைகளில், சேர்க்கையைச் சோதிக்கும் இரண்டு கோடுகளுக்குப் பக்கத்தில் சில வில்நிமிடம் தள்ளி வேறு கோடுகளை வைத்தார்கள், கூர்மை பல மடங்கு மழுங்கிவிட்டது. ஒட்டி வைத்தால்கூட அவ்வளவு கெடுதல் இல்லை, தூரத் தள்ளி வைத்தாலும் இல்லை, நடுவாந்தரத் தூரத்தில்தான் அதிகம் கெடுக்கிறது. பின்னால் வந்த சோதனைகளில் இன்னொன்றும் தெரிந்தது. பக்கத்துக் கோடு மிக அருகில் இருந்தால் நாம் பார்க்கும் கோடு அதன் பக்கம் இழுபட்டுத் தெரியும், கொஞ்சம் தள்ளிப் போனால் விலகித் தெரியும். ஒன்றரை மீட்டரில் நின்று பார்க்கும்போது 4 வில்நிமிடம் என்பது ஒன்றே முக்கால் மில்லிமீட்டர் சொச்சம். அதாவது டைல்ஸ் இடைவெளி, ஜன்னல் சட்டத்தின் விளிம்பு, சுவரில் ஓடும் வயர் எல்லாம் இந்த எல்லைக்குள்ளேயே விழுகின்றன.

ஆகவே குடமுருட்டி அண்ணா, இரண்டுமே உண்மை. கண் ஸ்கேல் மாதிரி இடத்தை அளப்பதில்லை, ஒரு கோட்டை அக்கம்பக்கத்துக் கோடுகளோடு ஒப்பிட்டு இடம் சொல்கிறது. அக்கம்பக்கம் காலியாக இருந்தால் மயிரிழையையும் பிடிக்கும், அங்கே ஒரு தூண் இருந்தால் விரற்கடையைக் கோட்டைவிடும். உங்கள் கொத்தனார் பார்ப்பது வெறும் சுவர், அதுவும் நீளவாக்கில்.

குடமுருட்டி:
சரி, ஒப்புக்கொள்கிறேன். தூண் எப்படி பைப்பைத் தள்ளுகிறது? அதைச் சொல்லுங்கள்.

தஞ்சை_உளவியல்_மாணவி:
பழைய விளக்கம் கோணம் பற்றியது. மூளையின் பார்வைப் பகுதியில் ஒவ்வொரு சாய்வுக்கும் தனித்தனி நரம்பு செல்கள் உண்டு, ஹூபெலும் வீசலும் கண்டுபிடித்தார்கள், 1981-இல் நோபல் கிடைத்தது. அடுத்தடுத்த சாய்வுகளுக்கான செல்கள் ஒன்றை ஒன்று அடக்கும் என்றும், அதனால் இரண்டு கோடுகள் சிறிய கோணத்தில் சந்திக்கும்போது கோணம் சற்று விரிந்து தெரிகிறது என்றும் விளக்கம். பைப்புக்கும் தூண் விளிம்புக்கும் இடையிலான கூர்கோணம் விரிந்தால் பைப் கொஞ்சம் படுத்ததாகத் தெரியும், படுத்த கோட்டை மனதால் நீட்டினால் அந்தப் பக்கம் கீழே போய்ச் சேரும், உண்மையான பைப் அதற்கு மேலே நிற்கும். கொரடாச்சேரி வரிசை வரப்பை விட்டு விலகுவதும் இதே கணக்கு.

ஆனால் இது முழுசாகத் தீர்ந்த வழக்கு இல்லை. படத்தில் கூர்கோணங்களை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அழித்தால் மாயை மாயமாகிவிடுகிறது, விரிகோணங்களை மட்டும் விட்டால் பெரும்பாலும் நிற்கிறது. கோணம் விரிவதுதான் முழுக் காரணம் என்றால் தலைகீழாக அல்லவா நடக்க வேண்டும்? சாய்கோட்டை மூளை தூரத்துக்குள் ஓடும் பாதையாக எடுத்துக்கொள்வதால் பிசகு வருகிறது என்று இன்னொரு கட்சி இருக்கிறது. எனக்கு இரண்டிலும் பாதிப்பாதிதான் நம்பிக்கை.

மன்னை_இயற்பியல்:
நன்றாகச் சொன்னீர்கள் அம்மா. இன்னொரு சோதனை: படத்தை அப்படியே சுற்றி, சாய்கோடு படுக்கையாகவோ நெட்டாகவோ வரும்படி வைத்தால் பிசகு பெரிதும் குறையும். கும்பகோணத்துக்காரர் தலையைச் சாய்த்துப் பார்க்கலாம், அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்களோ தெரியாது.

பாபநாசம்_டைல்ஸ்:
நான் டைல்ஸ் வேலை செய்கிறவன், என் தொழிலில் இதனால் பணமே நின்றிருக்கிறது, அதனால் எழுதுகிறேன். ஒரு ஹாலில் சுவருக்குக் கறுப்பு வெள்ளை டைல்ஸ் கேட்டார்கள், ஒரு வரி விட்டு ஒரு வரி பாதி டைல் நகர்த்தி, நடுவே இடுக்கை அடைக்கச் சாம்பல் கிரவுட். 3 மில்லி ஸ்பேசர் எல்லா இடத்திலும். ஒட்டி முடித்துத் தள்ளி நின்றால் ஒரு வரி இடப்பக்கம் குறுகி வலப்பக்கம் அகலுகிறது, அடுத்த வரி மாற்றி. படுக்கைக் கோடு ஒன்றுகூட இணையாகத் தெரியவில்லை. வீட்டுக்காரர் பிரித்து ஒட்டச் சொன்னார். ரசமட்டம் வைத்துக் காட்டினேன், குமிழி நடுவில் நிற்கிறது, “உன் ரசமட்டம் ரிப்பேர்” என்றார்.

அப்புறம்தான் என் மச்சான் ஒருவன் சொல்லித் தெரிந்தது, இங்கிலாந்தில் பிரிஸ்டல் என்ற ஊரில் ஒரு காபிக்கடைச் சுவரில் அச்சாக இதே மாதிரி டைல்ஸ் இருக்கிறது, ரிச்சர்ட் கிரெகரி என்ற பேராசிரியர் 1979-இல் அதை வைத்துக் கட்டுரையே எழுதியிருக்கிறார். அதில் வேலைக்காரனுக்கு உதவுகிற ஒரு விஷயம் உண்டு. இந்த மாயைக்கு இடைக்கோடு கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவான நிறத்தில் இருக்க வேண்டும். கிரவுட் கறுப்பு டைலைவிடக் கறுப்பாகவோ வெள்ளை டைலைவிட வெளுப்பாகவோ போனால் மாயை படுத்துவிடும். நான் சாம்பல் கிரவுட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கரி மாதிரிக் கறுப்பு அடைத்தேன், கோடு நிமிர்ந்தது. ஒரு டைலைக்கூடப் பிரிக்கவில்லை.

அரசலாற்றங்கரை:
அடேயப்பா. சரி, என் தூணுக்கு வருகிறேன். இன்னொரு ஆள் வந்து, “மேல்பாதியை அறுத்து ஒரு விரல் இறக்கி வெல்டு அடித்துவிடலாம், பார்க்க நேராக இருக்கும்” என்கிறார். செய்யலாமா?

குடந்தை_போர்டு_எழுத்து:
செய்யலாம் என்பது என் கட்சி. நான் கடைப் பலகை எழுதிய காலத்திலிருந்து சொல்கிறேன், பார்க்கிறவன் கையில் ஸ்கேல் இல்லை, கண்தான் இருக்கிறது. நம் எழுத்தில் வளைவு அதிகம். மேல்கோடு கீழ்க்கோடு இழுத்து ‘ட’-வையும் ‘ம’-வையும் அதில் உட்காரவைத்தால் ‘ஒ’-வும் ‘ஞ’-வும் அதே கோட்டுக்குள் சின்னதாகத் தெரியும். வளைவைக் கோட்டுக்கு ஒரு மயிரிழை வெளியே தள்ளினால்தான் எல்லாம் ஓரளவாக நிற்கும். எந்தப் பெயிண்டரையும் கேளுங்கள். கிரேக்கத்தில் பார்த்தெனன் கோயிலின் தளமே தட்டையில்லை, நீளப் பக்கத்தில் நடு 11 சென்டிமீட்டர் போல உயர்ந்து வளைந்திருக்கிறது. தட்டையாகப் போட்டால் நடுவில் குழிந்து தெரியும் என்பதால் அப்படிக் கட்டினார்கள் என்று பழங்காலத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள், மழைத்தண்ணீர் வழிந்தோடத்தான் என்று சொல்பவர்களும் உண்டு.

பாபநாசம்_டைல்ஸ்:
அண்ணே, பலகையை எல்லாரும் நேருக்கு நேர் நின்று பார்க்கிறார்கள். கைப்பிடி அப்படி இல்லையே. கேட்டிலிருந்து பார்த்தால் தூண் பைப்பின் ஒரு இடத்தை மறைக்கிறது, பக்கத்து வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் வேறு இடத்தை, படியில் ஏறும்போது தூணே குறுக்கே இல்லை. நேரான பைப்பை நீங்கள் எங்கே நின்று பார்த்தாலும் அது நேர்கோடுதான், அறுத்து இறக்கிய பைப் கேட்டில் நிற்பவருக்கு மட்டும் நேர், மற்ற எல்லாருக்கும் நிஜமாகவே உடைசல். அப்புறம் கைப்பிடி கண்ணுக்கு மட்டுமா? பெரியவர்கள் கையை வழுக்கவிட்டுக்கொண்டே இறங்குவார்கள், வெல்டு அடித்த இடத்தில் கை தட்டும். 1010-இல் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்தை முடித்தவர்கள் நூலையும் தூக்குக்குண்டையும் விட்டுவிட்டுக் கண்ணை நம்பி ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

குடந்தை_போர்டு_எழுத்து:
விமானத்தை இழுக்காதீர்கள் தம்பி, அதற்கும் பைப்புக்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஒரே இடத்திலிருந்து பார்க்கும் பொருளுக்கும் சுற்றி நடக்கும் பொருளுக்கும் வேறு நியாயம் என்கிறீர்கள், அதை ஏற்கிறேன். பைப்பை அறுக்க வேண்டாம். தூணின் நிறம் என்ன, அதைச் சொல்லவில்லையே?

அரசலாற்றங்கரை:
தூண் சந்தன நிறம், இரண்டு ஓரத்திலும் மேலிருந்து கீழ்வரை மூன்று விரல் அகலத்துக்கு அரக்குப் பட்டை. பின்னால் சுவர் வெள்ளை.

குடந்தை_போர்டு_எழுத்து:
அப்படிப் போடுங்கள்! பைப் மறையும் இடத்திலேயே இரண்டு பக்கமும் அழுத்தமான கோடு இழுத்து வைத்திருக்கிறீர்கள். அரக்கை எடுங்கள், தூணையும் சுவரின் வெள்ளையாக்குங்கள். விளிம்பு மங்கினால் கொஞ்சமாவது அடங்க வேண்டும்.

தஞ்சை_உளவியல்_மாணவி:
அடங்கும், முழுக்கப் போகாது. பட்டையின் விளிம்புக் கோட்டையே அழித்து, விளிம்பு இருப்பதாகக் கண் ஊகிக்கும் அளவுக்கு மட்டும் விட்ட படங்களிலும் மாயை வலு குறைந்து தெரிகிறது. முதலில் வெள்ளைத் தாளை அரக்கின் மேல் ஒட்டி கேட்டிலிருந்து பாருங்கள், பெயிண்ட் செலவு அப்புறம்.

வாசல்_கோலம்:
தூணைச் சுற்றி மல்லிகையோ முல்லையோ ஏற்றிவிடலாம் தம்பி. இலை மூடினால் விளிம்பு ஏது?

அரசலாற்றங்கரை:
தாளை ஒட்டிப் பார்த்தாயிற்று. உடைசல் பாதியாகக் குறைந்த மாதிரி இருக்கிறது, என் மனைவி முக்கால்வாசி என்கிறார், அம்மா மட்டும் இன்னும் கோணல் என்கிறார். வெள்ளை அடிக்க ஆள் சொல்லியாயிற்று. முல்லைக்கொடி யோசனையும் பிடித்திருக்கிறது, ஆனால் கம்பளிப்பூச்சி வரும் என்று வீட்டில் தடை. டைல்ஸ் தம்பி, மாடி பாத்ரூமுக்கும் நாங்கள் கறுப்பு வெள்ளைதான் எடுத்து வைத்திருக்கிறோம், அதையும் சொல்லிவிடுங்கள்.

பாபநாசம்_டைல்ஸ்:
பாதி நகர்த்தி ஒட்டச் சொல்லாதீர்கள், சதுரங்கக் கட்டம் மாதிரி மூலைக்கு மூலை சேரட்டும், பாதி பிரச்சினை அங்கேயே தீரும். நகர்த்தித்தான் வேண்டுமென்றால் கிரவுட் கறுப்பு. வெள்ளை கிரவுட்டும் கண்ணுக்குச் சரிதான், ஆனால் நம் ஊர் போர் தண்ணீருக்கு ஆறு மாதத்தில் காவி ஏறிவிடும், அப்புறம் அது கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் வந்து நிற்கும், கோடு மறுபடியும் ஆட ஆரம்பிக்கும்.